ஃபார்மை பைக்குள்ள வைங்க

கேள்வி: அக்கா, நான் பொது சுகாதாரத்துல பிஎச்டி முதல் வருஷம். நெருக்கமான குடியிருப்புல பிள்ளைங்களுக்கு வர்ற ஆஸ்துமா பத்தி ஆய்வு. என் கைடு, "அந்த ஏரியா சங்கத்தோட ஆறு மாசம் சும்மா வேலை பாரு, கேள்வித்தாளை அப்புறம் தயார் பண்ணலாம்"ங்கறார். இப்படியே போனா பேப்பர் எப்ப எழுதறது?

பதில்: உங்க கைடுக்கு ஒரு கும்பிடு போடுங்கம்மா, அப்படிச் சொல்ற ஆளு கிடைக்கறதே அபூர்வம். 1854ல லண்டன் காலரா, பிராட் ஸ்ட்ரீட் பம்பு, அந்தப் பம்புத் தண்ணியாலதான் காலரா பரவுதுன்னு சொன்ன டாக்டர் ஜான் ஸ்னோ, இதெல்லாம் முதல் கிளாஸ்லயே நடத்தியிருப்பாங்க. ஹென்றி வைட்ஹெட் பத்திச் சொன்னாங்களா? அந்த ஏரியா சர்ச்சுல இருந்த பாதிரியார், அப்ப அவருக்கு முப்பது வயசுகூட ஆகல. ஸ்னோ சொல்றது தப்புன்னு காட்டத்தான் வீடு வீடா கிளம்புனார், யார் பம்புத் தண்ணி குடிச்சாங்க யார் குடிக்கலைன்னு கேட்டுக்கேட்டு கடைசியில இவரே மனசு மாறிட்டார். அப்புறம் பதிவேட்டைப் புரட்டும்போது 40ம் நம்பர் வீட்டுல ஒரு கைக்குழந்தை வயித்துப்போக்குல இறந்தது கண்ணுல பட, நேரா அம்மாகிட்ட போனார், குழந்தை துணி அலசுன தண்ணியை வீட்டு முன்னாடி இருந்த கழிவுத் தொட்டியில ஊத்துனேன்னு அவங்க சொன்னாங்க. தோண்டிப் பாத்தா அந்தத் தொட்டிக்கும் பம்புக் கிணத்துக்கும் நடுவுல மூணு அடிகூட இல்ல, செங்கல் பேந்து கசிஞ்சிருக்கு.

பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாகிட்ட அந்தத் தண்ணியை எங்க ஊத்துனீங்கன்னு முதல் நாளே பேடும் பேனாவுமா போய் நின்னு கேக்க முடியுமா சொல்லுங்க.

உங்க விஷயத்துக்கே வர்றேன். "வீட்டுல ஈரக்கசிவு உண்டா"ன்னு கேட்டா பாதி பேர் இல்லைன்னுதான் டிக் அடிப்பாங்க, ஏன்னா வாடகைக்கு இருக்கறவங்க, ஓனர் காதுல விழுந்தா காலி பண்ணச் சொல்லிடுவாரோன்னு பயம். சங்கத்து அக்கா ஒருத்தங்க கூடவே வந்து, நாலாவது தடவை போகும்போது, பீரோவை நகத்திக் காட்டுவாங்க, பின்னாடி சுவரு பூரா கறுப்புப் பூஞ்சை. இது எந்தக் கேள்வித்தாள்லயும் சிக்காது. பேப்பர் லேட்டாகும், அதை மறைச்சு என்ன பிரயோஜனம், அதுக்குள்ள பழைய ஆய்வுகளைப் படிக்கற வேலையையும் எத்திக்ஸ் கமிட்டி வேலையையும் முடிச்சு வைங்க.

கேள்வி: நான் ஒரு குடியிருப்போர் சங்கத்துல செயலாளர். வருஷா வருஷம் ஒரு பேட்ச் மாணவருங்க வர்றாங்க, அதே கேள்வி, அதே கையெழுத்து, போனா போனதுதான். இதுக்குப் பேரு கூட்டாளின்னு வேற சொல்றாங்க!

பதில்: அடுத்த பேட்ச் வந்தா வாசல்லயே நிறுத்திப் பேசுங்க சார், தப்பே இல்ல. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன்ங்கறவங்க 1969ல மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியா எழுதுனாங்க, அதுல கருத்துக் கேக்கறது நாலாவது படி, கூட்டாளி ஆகறது ஆறாவது. உங்களை நாலுல நிக்க வெச்சிட்டு ஆறுன்னு எழுதிக்கறாங்க. என்ன கேக்கப்போறோம்ங்கறதை யார் முடிவு பண்றது, கூட அலையற உங்க ஆளுங்களுக்கு ஆய்வுப் பணத்துல சம்பளம் எவ்வளவு, டேட்டா யார்கிட்ட இருக்கும், பேப்பர்ல யார் பேரு வரும், ரிசல்ட்டை முதல்ல யாருக்குச் சொல்லணும், எல்லாத்தையும் எழுதி வாங்குங்க. அந்தப் பசங்க மேல கோவப்படாதீங்க, பாவம், அவங்களுக்கு இதை யாரும் கத்துக் குடுக்கல. நீங்க பேரம் பேசுறதைப் பாத்துக் கத்துக்கட்டும்.

கேள்வி: மக்களையும் சேர்த்துக்கிட்டா ஆய்வு ஒரு பக்கமா சாஞ்சிடாதா?

பதில்: தனியா உக்காந்து பண்ணாலும் சாயத்தான் செய்யும், என்ன, எந்தப் பக்கம்னு வெளிய தெரியாது. நியூயார்க்ல ஹார்லெம் ஏரியா மக்களுக்கு பஸ் டிப்போ, லாரி புகைன்னு ரொம்ப நாள் புகார். 1996 ஜூலைல உள்ளூர் அமைப்பும் கொலம்பியா பல்கலைக்கழகமும் சேர்ந்து நாலு தெருமுனை நடைபாதையில காத்தை அளந்தாங்க, கூடவே போற வர்ற பஸ், லாரியையும் எண்ணுனாங்க. நுண்துகள் மொத்த அளவுல முனைக்கு முனை பெரிய வித்தியாசம் இல்ல. டீசல் கரியை மட்டும் தனியா பிரிச்சுப் பாத்தா கம்மியான முனைக்கும் அதிகமான முனைக்கும் சுமார் நாலு மடங்கு, பஸ்ஸும் லாரியும் எங்க ஜாஸ்தியோ அங்கதான் அதுவும் ஜாஸ்தி. கருவிக்கு யார் பக்கமும் சாயத் தெரியாதே.