காரோடு கப்பலேறி ஐரோப்பா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: லண்டனிலிருந்து பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி வழியாகக் காரில் கிரீஸ் போக எண்ணம். மூன்று வாரம் விடுப்பு. ஹோட்டலை முதலில் பதிவு செய்வதா, ஃபெர்ரியையா?

ஃபெர்ரியைத்தான். அதிலும் நீளமான கடலை முதலில் முடியுங்கள். டோவர்–கலே இடையே நாள் முழுக்கக் கப்பல் உண்டு. ஒன்று தவறினால் பெரும்பாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள். இத்தாலியின் அன்கோனாவிலிருந்து கிரீஸின் பத்ராஸுக்குப் போவது அப்படியல்ல. கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம், கோடையில் கேபின்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும், தவறவிட்டால் மறுநாள் வரை துறைமுகத்தில் கிடக்க வேண்டியதுதான். அந்தத் தேதியை முதலில் உறுதி செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி நாள் எண்ணுங்கள். கலேயிலிருந்து அன்கோனா சுமார் 1,500 கி.மீ. ஃபோன் வரைபடம் ஒன்றரை நாள் கணக்குச் சொல்லும். கோடைச் சனிக்கிழமையில் சுவிட்சர்லாந்தின் கொத்தார்டு சாலைச் சுரங்கத்துக்கு முன்னால் நிற்கும் வரிசை அந்தக் கணக்கில் வராது. மூன்று நாள் வையுங்கள். கப்பலுக்கு முந்தைய இரவு துறைமுகத்திலிருந்து நூறு கி.மீ.க்குள் தங்குங்கள்.

இத்தாலியின் பாரியிலிருந்து கிரீஸின் இகூமெனிட்சாவுக்குப் போகும் வழியும் இருக்கிறது. இரவில் ஏறினால் காலையில் கிரீஸ். ஆனால் அன்கோனாவிலிருந்து பாரிக்கு மேலும் 460 கி.மீ. ஓட்ட வேண்டும். வட கிரீஸின் மெட்டியோரா, யோவானினா பக்கம் போகிறவர்களுக்கு அது லாபம். ஏதென்ஸ், பெலோபொனேசஸ் என்றால் பத்ராஸே சரி.

டோவரில் ஒரு விஷயம். பிரெஞ்சுக் காவலர்கள் பாஸ்போர்ட்டை அங்கேயே, கப்பல் ஏறும் முன்பே பார்க்கிறார்கள். அதைத் தாண்டிய பிறகுதான் செக்-இன் கூண்டு. டிக்கெட்டில் போட்டிருக்கும் கடைசி நேரம் அந்தக் கூண்டுக்கானது, துறைமுக வாசலுக்கானது அல்ல. 2025 அக்டோபர் 12 முதல் பிரிட்டிஷ், இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் குறுகிய காலத்துக்கு வருவோரின் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. பள்ளி விடுமுறை நாட்களில் கூடுதல் நேரத்தோடு கிளம்புங்கள். டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்தத் துறைமுகத்தின் உள்ளூர் நேரம் என்பதும் நினைவிருக்கட்டும்: பிரிட்டனைவிட பிரான்ஸ் ஒரு மணி நேரம் முன்னே, இத்தாலியைவிட கிரீஸ் ஒரு மணி நேரம் முன்னே.

கே: டிக்கெட் எடுக்கும்போது காரின் நீளமும் உயரமும் கேட்கிறது. வண்டிக் கையேட்டில் உள்ளதைப் போடலாமா?

வேண்டாம். அவர்கள் கேட்பது எல்லாச் சாமானும் ஏற்றிய பிறகு உள்ள அளவை. 4.4 மீட்டர் காரின் பின்னால் சைக்கிள் மாட்டினால் 5 மீட்டரைத் தாண்டிவிடும். 1.65 மீட்டர் எஸ்யூவியின் மேல் கம்பியும் ரூஃப் பாக்ஸும் ஏறினால் 2.1 மீட்டருக்குப் பக்கம். பெட்டியின் உச்சியில் ஒரு பலகையைச் சமமாக நீட்டிப் பிடித்து, அதன் முனையிலிருந்து தரைவரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். குறைத்துச் சொன்னால் துறைமுகத்தில் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். உயர வண்டிகளுக்கான இடம் நிரம்பியிருந்தால் பணம் கொடுத்தாலும் ஏற முடியாது. ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்க ரயிலில் 1.85 மீட்டர்தான் எல்லைக்கோடு, அதற்கு மேல் வேறு கட்டணம். எரிவாயுவில் ஓடும் காருக்கு அந்த ரயிலில் இடமே கிடையாது, கப்பல்தான் வழி.

கே: இரவுக் கப்பலிலிருந்து இறங்கும்போது கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் நூறு வண்டி ஹாரன் அடித்தது. ஏன் இப்படி?

பெரும்பாலும் திருட்டு அலாரம்தான் காரணம். கப்பல் அலையில் சாய்கிறது. யாரோ வண்டியைத் தூக்குகிறார்கள் என்று சாய்வு சென்சார் நினைத்துக்கொள்கிறது. இரவு முழுக்கச் சைரனும் நான்கு பக்க விளக்கும் மாறி மாறி வேலை செய்தால் நான்கைந்து வருடப் பழைய பேட்டரி தாங்காது. பல கார்களில் சாய்வு சென்சாரையும் உள்ளசைவு சென்சாரையும் மட்டும் அணைத்துவிட்டுக் கதவைப் பூட்ட வழி உண்டு. பட்டன் கூரை விளக்குப் பக்கத்திலோ கதவுத் தூணிலோ இருக்கும். புதிய வண்டிகளில் திரை மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். கிளம்புமுன் வீட்டு வாசலிலேயே தேடிப் பழகிவிடுங்கள். டேஷ்கேம், குளிர்பெட்டி இரண்டின் வயரையும் கழற்றுங்கள்.

உள்ளே ஓட்டும்போது கண்ணாடியைப் பார்க்காமல் ஊழியரின் கையை மட்டும் பாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் கட்டாயம். ஆட்டோ ஹோல்டு அதற்கு ஈடாகாது. மேனுவல் என்றால் முதல் கியர், ஆட்டோமேட்டிக் என்றால் பி. பக்கத்து வண்டிக்கும் உங்களுக்கும் ஓரடிதான் இருக்கும், டிக்கியைத் திறக்கவே முடியாது. ஆகவே மருந்து, குழந்தைப் பால், சார்ஜர், ஸ்வெட்டர், பாஸ்போர்ட் எல்லாம் ஒரு சிறு பையில் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். கப்பல் கிளம்பினால் கார் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். தளத்தின் எண்ணையும் படிக்கட்டின் நிறத்தையும் படமெடுத்துவிட்டு மேலே போங்கள். இறங்கும்போது முன்வரிசை நகரும்வரை எஞ்சினைத் தொடாதீர்கள். மூடிய தளத்தில் புகை குழந்தைகளுக்கு உடனே தலைவலி கொடுக்கும்.

கே: சுவிஸ், ஆஸ்திரிய விக்னெட்டுகளை எப்போது வாங்குவது?

விக்னெட் என்பது நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கு முன்கூட்டியே கட்டும் கட்டணச் சீட்டு. சுவிஸில் ஒரே வகைதான்: 40 பிராங்க், வருடத்துக்கு. முந்தைய டிசம்பர் 1 முதல் அடுத்த ஜனவரி 31 வரை 14 மாதம் செல்லும். காரவன் இழுத்தால் அதற்குத் தனியாக ஒன்று. மின் விக்னெட் நம்பர் பிளேட்டோடு இணைந்தது. ஸ்டிக்கர் வாங்கினால் கண்ணாடியில் நேராக ஒட்ட வேண்டும். செலோடேப் போட்டு வைத்தால் செல்லாது, 200 பிராங்க் அபராதம்.

ஆஸ்திரியாவில் 1 நாள், 10 நாள் விக்னெட்டுகள் உடனே செல்லும். இரண்டு மாத, வருட விக்னெட்டுகளைத் தனிநபர் இணையத்தில் வாங்கினால் 18ஆம் நாளிலிருந்துதான் செல்லும். இணையத்தில் வாங்கியதைத் திருப்பித் தரும் உரிமைக்காலம் முடியட்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இத்தாலிக்குப் போகும் பிரென்னர் நெடுஞ்சாலைக்கு விக்னெட் இருந்தாலும் தனிச் சுங்கம் உண்டு. பிளேட் எண்ணை அடிக்கும்போது ‘ஓ’ எழுத்தையும் சுழியத்தையும் குழப்பாதீர்கள், நாட்டையும் சரிபாருங்கள். தவறான எண்ணுக்கு வாங்கியது கேமராவுக்கு வாங்காததுதான்.

கே: சென்னையிலிருந்து ரோம் வந்து, வாடகைக் காரில் அன்கோனா–ஸ்பிளிட் ஃபெர்ரி ஏறி, டுப்ரோவ்னிக், கோட்டோர் பார்த்துத் திரும்பத் திட்டம். ஷெங்கன் விசா போதுமா?

டுப்ரோவ்னிக் வரை போதும். ஸ்பிளிட்டும் டுப்ரோவ்னிக்கும் உள்ள குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்குள், இருக்கிறது. வழியில் நியூம் என்ற இடத்தில் போஸ்னியாவின் கடற்கரைத் துண்டு குறுக்கிடுகிறது. 2022 ஜூலையில் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் அதைச் சுற்றிப் போக உதவும், சுங்கமும் இல்லை. ஃபோன் நியூம் வழியைக் காட்டினால் மாற்றிவிடுங்கள்.

கோட்டோர் மொண்டெனேக்ரோவில் இருக்கிறது. அது ஷெங்கன் அல்ல. உங்கள் விசாவில் நுழைவு எண்ணிக்கை 01 என்றிருந்தால், மொண்டெனேக்ரோ உங்களை உள்ளே விடும், குரோஷியா திரும்ப விடாது. 02 என்றோ ‘மல்ட்’ (பலமுறை நுழைவு) என்றோ இருந்தால்தான் போங்கள். இல்லையென்றால் கோட்டோரைக் கைவிடுவதைத் தவிர வழியில்லை.

வாடகைக் காருக்கு இன்னொன்று: நாடுகளின் பெயரும், ஃபெர்ரியில் ஏற்றும் அனுமதியும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கவுன்டரில் வாயால் சொன்னது, கப்பலில் கீறல் விழுந்தால் காப்பீட்டுக்கு உதவாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒரு வருடம் செல்லும், அசல் உரிமம் கூடவே இருந்தால் மட்டும்.

கே: ஹாம்பர்க்கிலிருந்து ஸ்டாக்ஹோம். பாலமா, கப்பலா?

ஓட்டுபவர் ஒருவர்தான் என்றால் டிராவமுண்டேயிலிருந்து ட்ரெல்லெபோர்குக்கு இரவுக் கப்பல். கேபினில் தூங்கி எழுந்தால் ஸ்வீடன். இருவர் மாறி ஓட்டினால் ஜெர்மனியின் புட்கார்டனிலிருந்து டென்மார்க்கின் ரோட்பிக்கு ஃபெர்ரி, 45 நிமிடம். பிறகு டென்மார்க்கிலிருந்து ஸ்வீடனுக்குப் போகும் ஓரசண்ட் பாலம். பெரும்பாலும் இரண்டுக்கும் சேர்ந்த டிக்கெட் கிடைக்கும், தனித்தனியாக எடுக்குமுன் அதைப் பாருங்கள். கப்பலே வேண்டாம் என்றால் டென்மார்க்கின் ஸ்டோரபெல்ட் பாலம் வழியாக ஏறக்குறைய 160 கி.மீ. சுற்று, அங்கும் சுங்கம் உண்டு.