வண்டிக்குப் பின்னால் நின்றவள்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' பார்த்தேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் யோசித்தபோது ஓர் எரிச்சலும் சேர்ந்துகொண்டது. சாலமன் நார்த்தப் நியூயார்க் மாகாணத்தில் சுதந்திரமாக வாழ்ந்தவர், படித்தவர், வயலின் வாசிப்பவர். அப்படிப்பட்டவரைக் கடத்தி அடிமையாக்கினார்கள் என்பதால்தானே நமக்குப் பதறுகிறது? அடிமையாகவே பிறந்தவர்களுக்கு அது பழகிய வாழ்க்கைதான் என்று படம் சொல்லாமல் சொல்கிறதோ? இன்னொன்று, அவர் ஏன் முதல் நாளே உண்மையைச் சொல்லவில்லை?

ஆர்.

அன்புள்ள ஆர்,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சொன்னார். சர்க்கஸில் வாசிக்க வேலை இருக்கிறது என்று இரண்டு பேர் அவரை வாஷிங்டனுக்கு அழைத்துவந்தது 1841இல். கண்விழித்தபோது கையில் விலங்கு, எதிரே அடிமை வியாபாரி பர்ச். 'நான் சுதந்திர மனிதன்' என்றார். மரத்துடுப்பால் அடித்தார்கள். துடுப்பு உடைந்தது, கயிற்றை எடுத்தார்கள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். சுதந்திரமானவர் என்பதற்கான சான்றிதழைக் கிளம்பும்போதே வாங்கிவைத்திருந்தார், அதுவும் அந்த இருவர் சொன்ன யோசனைதான்! விழித்தபோது பையில் அந்தக் காகிதமும் இல்லை, பணமும் இல்லை. அந்தக் கொட்டடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் அமெரிக்க நாடாளுமன்றம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். உங்கள் எரிச்சல் நியாயமானது. ஆனால் படத்தின் மேல் அதைக் காட்டாதீர்கள், சட்டத்தின் மேல் காட்டுங்கள். சாலமனை மீட்டது 1840இல் நியூயார்க் போட்ட ஒரு சட்டம். கடத்தப்பட்ட தன் குடிமக்களை மீட்க ஆளுநர் ஒருவரை அனுப்பலாம் என்றது அது. பாஸ் என்ற தச்சர் ரகசியமாகப் போட்ட கடிதத்தால் விஷயம் ஊருக்குத் தெரிந்து, 1853 ஜனவரியில் வழக்கறிஞர் ஒருவர், சாலமன் அடிமையாக இருந்த லூசியானா மாகாணத்துக்கு வந்து அவரை அழைத்துப்போனார். 'இந்த ஆள் மட்டும் தவறுதலாக இங்கே இருக்கிறார்' என்பதுதான் அந்தச் சட்டம் பேசிய பேச்சு. அப்படியானால் மற்றவர்கள் சரியாகத்தான் இருக்கிறார்கள்!

இது இயக்குநர் ஸ்டீவ் மெக்வீனுக்குத் தெரிந்திருக்கிறது. சாலமன் தூக்குக் கயிற்றில், பெருவிரல் நுனி மட்டும் சேற்றில் பட்டுப்பட்டு வழுக்க, தொங்கும் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். இசை இல்லை. காமிரா வெகுநேரம் நகர்வதே இல்லை. பின்னால் குடிசையிலிருந்து ஆட்கள் வந்து அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள், குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஒரு பெண் ஓடிவந்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவிழ்க்க யாரும் வரவில்லை. பழகியதால் வலிக்கவில்லை என்றா அர்த்தம்? கயிற்றைத் தொட்டால் அடுத்த கயிறு யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியும்.

என்னைக் கேட்டால் இது பாட்ஸியின் படம். சாலமனோடு அதே தோட்டத்தில் அடிமையாக இருந்தவள் அவள். ஒரு நாளைக்கு 500 பவுண்டு, அதாவது 225 கிலோவுக்கு மேல், பஞ்சு எடுப்பவள். ஒரு சோப்புத்துண்டு வாங்கப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனதற்காக முதுகு கிழிய அடிவாங்குகிறாள். சாலமன் வண்டியேறும்போது கட்டிக்கொள்கிறாள். வண்டி நகர்கிறது, அவர் முகம் மட்டும் தெளிவாக இருக்கிறது, பின்னால் மங்கலாக ஓர் உருவம் தரையில் சரிகிறது. படத்துக்கு மூலமான, 1853இல் வந்த சாலமனின் நூலிலும் அவர் திரும்பிப் பார்க்கையில் பாட்ஸி தலைதொங்கத் தரையில் சாய்ந்து கிடக்கிறாள்.

ஓரிடத்தில் எனக்கும் படத்தோடு சண்டை உண்டு. தன்னைக் கொன்றுவிடும்படி பாட்ஸியே சாலமனிடம் கெஞ்சுவதாகக் காட்டியிருக்கிறார்கள். நூலில் அவளைக் கொல்லச் சொல்லி ஆசைகாட்டுபவள் எஜமானி. அந்தப் பாவத்தை எடுத்து பாட்ஸியின் வாயில் வேண்டுதலாக வைத்தது எனக்கு உறுத்தல்தான்.

மீண்டு வந்த கையோடு வாஷிங்டனில் பர்ச் மீது சாலமன் வழக்குத் தொடுத்தார். கறுப்பர் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது என்பது அங்கே சட்டம். எனவே நீதிமன்றத்திலேயே இருந்தும் அவரைச் சாட்சியாக ஏற்கவில்லை. பர்ச் விடுதலையாகி வீட்டுக்குப் போனான். அவன் தரப்பில் வெள்ளையர் சாட்சி இருந்தது.