கணக்கில் இருக்கு, கல்லாவில் இல்லை

கேள்வி: அன்புள்ள டீச்சருக்கு, எனக்கு 36 வயது. ஆத்தங்குடியில் அப்பா காலத்திலிருந்து டைல்ஸ் பட்டறை நடத்துகிறோம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். பட்டறையைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். தெரிந்த இங்கிலீஷில் சமாளித்துவிடுவேன். போன மாதம் ஒரு அம்மா பத்துக் கல் வாங்கினார். ‘ரெசிப்ட் வேண்டுமா’ என்று இங்கிலீஷில் கேட்டேன். அவரோ நான் சமையல் குறிப்பு தரப்போவதாக நினைத்துக்கொண்டு, ‘மத்தியானம் சாப்பிட்டோமே, அந்தக் கோழிக் குழம்புக்கா?’ என்று சந்தோஷமாகக் கேட்டார். கூட வந்த நம்ம ஊர் கைடு பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ‘அண்ணே, அது ரிசீட். பி சைலண்ட்’ என்றான். அன்றிலிருந்து ஆள் வந்தால் தம்பியை முன்னால் அனுப்பிவிட்டு நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒதுங்கிவிடுகிறேன். சொல்லாத எழுத்தை எதற்கு எழுதுகிறார்கள்? இதற்கெல்லாம் ஏதாவது ரூல் உண்டா? இல்லை, இந்த வயதில் இனி வராதா?
பெயர் வேண்டாம், ஆத்தங்குடி.

பதில்: தம்பி, அந்த அம்மா கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. ‘ரெசிப்பி’யும் ‘ரிசீட்’டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். வாங்கிக்கொள்வதைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல்தான் தாய். டாக்டர் சீட்டின் தலையில் ஆர் எழுத்தைப் போட்டு, அதன் காலில் குறுக்கே ஒரு கோடு இழுத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அது ‘ரெசிப்பி’யின் சுருக்கம். ‘இன்னின்னதை எடுத்துக்கொள்’ என்று மருந்து கலக்குகிறவருக்குப் போட்ட உத்தரவு. மருந்துக்குச் சொன்னது பிறகு குழம்புக்கும் வந்துவிட்டது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் சமையல் குறிப்பையே ‘ரிசீட்’ என்றுதான் சொல்வார்கள். அப்போது பிறந்திருந்தால் அவர் கேட்டது சரியான கேள்வி.

சரி, பி எப்படி உள்ளே வந்தது? பிரெஞ்சு வழியாக இந்தச் சொல் இங்கிலீஷுக்கு வந்தபோது அதில் பி கிடையாது. எப்படிச் சொன்னார்களோ அப்படி எழுதினார்கள். பிறகு படித்தவர்கள் சிலர், லத்தீன் மூலத்தில் பி இருக்கிறதே, அதை விடலாமா என்று கொண்டுவந்து செருகினார்கள். எழுத்தில் செருகலாம், ஊரார் வாயில் செருக முடியுமா? ஜனங்கள் பழையபடியே சொல்லிக்கொண்டு போனார்கள். கடனைக் குறிக்கும் ‘டெட்’டும் இதே கதை. பிரெஞ்சில் இல்லாத பி, லத்தீன் ‘டெபிட்டும்’ என்பதைக் காட்டி நடுவில் உட்கார்ந்துவிட்டது. (ரிசீட்டில் இருப்பது பேனாவின் பி, டெட்டில் இருப்பது பஸ்ஸின் பி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அந்த வழக்குக்கு அப்புறம் வருகிறேன்.)

எங்கள் ஐயா பர்மாவில் மோல்மேன் வட்டிக் கடையில் அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு அடுத்த நிலை உதவியாளாக இருந்தவர். கடனும் ரசீதும்தான் அவருக்குப் பிழைப்பு. ‘கணக்கில் இருக்கு, கல்லாவில் இல்லை என்றால் யாரோ கை வைத்திருக்கிறான்’ என்பார். இந்த இரண்டு சொல்லிலும் எழுத்து கணக்கில் இருக்கிறது, கல்லாவில் இல்லை. கை வைத்தவர்கள் லத்தீன் பண்டிதர்கள். அதையாவது ஒழுங்காகச் செய்தார்களா? ‘டிசீட்’ (ஏமாற்று), ‘கன்சீட்’ (தற்பெருமை) என்று ரிசீட்டுக்குப் பங்காளிகள் உண்டு. அவற்றில் பி நிலைக்கவில்லை. ஒரே வளவில் ஒருவருக்கு மட்டும் பங்கு வந்த மாதிரி.

‘ஐலண்ட்’ இன்னும் மோசம். அது இங்கிலீஷின் சொந்தச் சொல், அதற்கும் லத்தீனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. லத்தீன் வழி வந்த வேறொரு தீவுச் சொல்லில் எஸ் இருப்பதைப் பார்த்து, இதற்கும் ஒன்றை ஒட்டிவிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு வருஷம் ‘இஸ்லாண்ட்’ என்றே பாடம் நடத்தினேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் வகுப்பில் ஒன்றும் சொல்லாமல், வராந்தாவுக்கு வந்தபிறகு மெதுவாகச் சொன்னார். என்னிடம் படித்த பிள்ளைகள் இன்றைக்கும் எங்கேயோ ‘இஸ்லாண்ட்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. உங்கள் கைடு பையனுக்கு அந்த இன்ஸ்பெக்டரின் பக்குவம் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் சத்தமில்லாத எழுத்து எல்லாமே பண்டிதர் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நிறைய எழுத்துகள் ஒருகாலத்தில் உயிரோடு இருந்தவை. ‘நைஃப்’ என்று எழுதும்போது முன்னால் ஒரு கே வருகிறதே, அதைச் சொல்லித்தான் வந்தார்கள். ‘க்னீஃப்’ என்று. ‘நேம்’ என்பது ‘நாம’. ‘ஹவுஸ்’ என்பது ‘ஹூஸ்’. உங்கள் ‘டைல்’கூட ‘டீல’ என்றுதான் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை 1400ஆம் வருஷத்து லண்டனில் கொண்டுபோய் விட்டால் பாதிக்குப் பாதி தேறிவிடும்.

பிறகு என்ன ஆனது என்பதை உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். கண்ணாடியைத் துடைத்து வைத்து, அதன்மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர்க் கலவையை ஊற்றுகிறீர்கள். பிறகு கை நடுங்காமல் அச்சைத் தூக்கிவிடுகிறீர்கள். அதன் பிறகு சிமெண்டும் மணலும் விழுந்து இறுகினால் பூ நின்ற இடத்தில் நிற்கும். கலர் தண்ணீராக இருந்தால்? அச்சு போட்ட கோடு ஒரு பக்கம், கலர் ஒரு பக்கம். இங்கிலீஷுக்கு நடந்தது அதுதான். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சில் கோக்கக் கோக்க எழுத்து ஒரு வடிவத்துக்கு வந்து இறுக ஆரம்பித்தது. ஆனால் உச்சரிப்பு இன்னும் ஈரம். ஏறத்தாழ 1400லிருந்து 1700க்குள் அவர்களுடைய நெடில் ஓசை எல்லாம் வாய்க்குள் இடம் மாறிப் போனது. ‘ஈ’ இருந்த இடத்தில் ‘ஐ’ வந்தது, ‘ஊ’ இருந்த இடத்தில் ‘அவு’ வந்தது. எழுத்து மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

திருத்திவிடக் கூடாதா என்று கேட்பீர்கள். நாம் திருத்தினோம். உங்கள் வீட்டுப் பழைய கணக்கு நோட்டை எடுத்துப் பாருங்கள். ‘ணை’, ‘லை’ எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த சுழியோடு இருக்கும். பெரியார் 1930களிலேயே தம் பத்திரிகையில் அதை மாற்றி அச்சிட்டார். 1978இல் தமிழக அரசு ஆணை போட்டது. இங்கிலீஷுக்கு அப்படி ஆணை போட ஆள் இல்லை. அமெரிக்காவில் வெப்ஸ்டர் 1828இல் அகராதி போட்டு ‘கலர்’ நடுவிலிருந்த யுவைத் தூக்கினார், அது நின்றது. நாக்குக்குரிய ‘டங்’கைச் சொல்கிறபடியே எழுதலாம் என்றார், அதை ஊர் ஏற்கவில்லை. 1906இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் முந்நூறு சொற்களைச் சுருக்கி எழுதச் சொல்லி அரசு அச்சகத்துக்கு உத்தரவு போட்டார். நாடாளுமன்றமே எதிர்த்து நின்றதால் பின்வாங்கினார். நம் ஊரிலும் 2020 ஜூனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களின் இங்கிலீஷ் எழுத்தை மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாளிலேயே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எழுத்தில் கை வைப்பது தேனீக் கூட்டில் கை வைப்பது.

ஊர்ப் பெயர் என்றதும் ஒன்று தோன்றுகிறது. கானாடுகாத்தான் போர்டை இங்கிலீஷில் படித்துவிட்டு வருகிறவர் என்ன சொல்கிறார்? ‘கனடுகதன்’. ஆத்தங்குடியை நாக்கைப் பல்லில் வைத்துக் காற்றை விட்டு என்னவோ சொல்கிறார். எது குறில், எது நெடில் என்று அந்த போர்டில் எங்கே இருக்கிறது? எழுதி வைத்ததும் நம் ஆள்தான். அவரைப் பார்த்து நீங்கள் என்றைக்காவது சிரித்திருக்கிறீர்களா? ‘ஆத்தங்குடி’ என்று இன்னொரு தரம் நிதானமாகச் சொல்லிக் காட்டியிருப்பீர்கள், அவரும் ஆசையாகத் திருப்பிச் சொல்லியிருப்பார்.

தமிழ் படிக்க வருகிற வெள்ளைக்காரரைக் கேட்டால் அவர் நம் மேல் ஒரு மனு வைத்திருப்பார். கடை, தங்கம், பகல் மூன்றிலும் ஒரே எழுத்து, மூன்று சத்தம். நமக்கு அது தெரிவதே இல்லை, ஏனென்றால் எழுத்து நிற்கிற இடம் சத்தத்தைச் சொல்லிவிடுகிறது. பேனா, பஸ் என்று வெளியூர்ச் சரக்கு வந்து இறங்கியபிறகு அந்த ஒழுங்கும் ஓட்டையாகிவிட்டது. அதுதான் முன்னால் சொன்ன பி வழக்கு.

இனி உங்களுக்கு வேண்டியது. ரூல் உண்டா? கொஞ்சம் உண்டு. ஒரு சொல்லில் ஊமையாக இருக்கிற எழுத்து, அதன் பங்காளி வீட்டில் சில சமயம் வாய் திறக்கும். ‘டிசைன்’, ‘சைன்’ இரண்டிலும் ஜி பேசாது. ‘சிக்னேச்சர்’ என்றால் பேசும். பிறகு, சி, ஹெச் சேர்ந்து வந்தால் அந்தச் சொல் எந்த ஊர்க்காரர் என்று விசாரியுங்கள். கிரேக்கத்திலிருந்து வந்திருந்தால் அநேகமாக ‘க’ சத்தம்: ஸ்கூல், கெமிஸ்ட், உங்களிடம் அடிக்கடி வருகிற ஆர்க்கிடெக்ட். ‘ஆர்ச்சிடெக்ட்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். பிரெஞ்சிலிருந்து வந்திருந்தால் ‘ஷ’: மெஷின், ப்ரோஷர். நம் சுருட்டும் அப்படித்தான் சி, ஹெச் போட்டுக்கொண்டு அங்கே போய் ‘ஷெரூட்’ ஆகி நிற்கிறது. நம் சொல்லை அவர்கள் அந்தப் பாடு படுத்தியதற்கு யாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கவில்லை.

ஆனால் உண்மையைச் சொன்னால், அன்றைக்கு உங்களைக் கவிழ்த்தது பி இல்லை. ‘ரெ’.

நாம் ஒரு சொல்லின் எல்லா அசையையும் தரையில் கல் பதிக்கிற மாதிரி ஒரே மட்டமாக வைப்போம். பெரும்பாலும் முதல் அசையில் கொஞ்சம் எடை கூடும், அவ்வளவுதான். இங்கிலீஷ்காரர் அப்படியில்லை. ஒரு அசையைத் தூக்கி நிறுத்தி மற்றதை மிதித்துவிடுவார். அவர் காது தேடுவது அந்தத் தூக்கலைத்தான். ‘ரெசிப்பி’க்குத் தூக்கல் முதலில், ‘ரிசீட்’டுக்கு இரண்டாவதில். நீங்கள் ‘ரெ’யைத் தூக்கிவிட்டீர்கள், அவர் நேரே கோழிக் குழம்புக்குப் போய்விட்டார். ‘ரிசீப்ட்’ என்று பியோடு சொல்லி, ‘சீ’யை மட்டும் நீட்டி அழுத்தியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். பி ஒரு சில்லறைக் குற்றம்.

அதனால் ஊமை எழுத்துப் பட்டியல் எதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் பட்டறையில் ஒரு நாளைக்குப் புழங்குகிற சொற்கள் எத்தனை? இருபது இருக்குமா? ‘சிமெண்ட்’டில் ‘மெ’யை அழுத்துங்கள். ‘டிசைன்’ என்றால் ‘சைன்’. ‘ஹோட்டல்’ நமக்கு ‘ஹோ’, அவர்களுக்கு ‘டெல்’. ‘பேட்டர்ன்’, ‘கலர்’ இரண்டும் முதலில். போனில் அகராதி இருக்கிறது, பக்கத்தில் ஸ்பீக்கர் படம் இருக்கும், அமுக்கினால் சொல்லும். கேட்கிறபடி தமிழில் எழுதி, தூக்குகிற அசைக்குக் கீழே ஒரு கோடு போட்டு, அச்சு அடுக்கி வைக்கிற அலமாரிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அச்சு எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வயதெல்லாம் ஒரு காரணமில்லை. மோல்மேனில் இறங்கியபிறகுதான் எங்கள் ஐயா பர்மியப் பேச்சைக் கற்றுக்கொண்டார், பாஷை வராமல் வட்டி வாங்க முடியாது என்பதால்.

தம்பியை முன்னால் அனுப்புவதை இந்த வாரமே நிறுத்துங்கள். கண்ணாடியிலிருந்து கல்லை உரித்து எடுத்து, பளபளப்பை அவர்கள் முகத்துக்கு நேரே காட்டுகிறவர் நீங்கள். அங்கே உச்சரிப்பை யார் கவனிக்கப்போகிறார்கள்?

கடைசியாக ஒரு சங்கதி. நம் ‘ரசீது’, ‘ரிசீட்’டிலிருந்து வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. அது பாரசீகச் சொல், ‘வந்து சேர்ந்தது’ என்று அர்த்தம். இரண்டுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது, ஆனால் முகஜாடை இருக்கிறது. அதிலும் அழுத்தம் ‘சீ’யில்தான் விழும், பி என்ற பேச்சே இல்லை. அந்த அம்மா மறுபடி வந்தால், ‘ரசீது?’ என்று தமிழிலேயே கேட்டுப் பாருங்கள். தலையாட்டுவார்.