லீஸ் முடிகிறது, ஓட்ட ஆசையாக ஒரு பழைய கார் வேண்டும்

கேள்வி: மதுரை அண்ணாநகரில் இருக்கிறேன். வடபழஞ்சி ஐ.டி. பார்க்கில் வேலை. கம்பெனி மூலம் நான்கு வருட லீஸில் எடுத்த ஆட்டோமேட்டிக் எஸ்.யு.வி.யின் தவணை அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. மீதி விலையைக் கட்டினால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வண்டியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஓட்டுகிறோம் என்ற உணர்வே அதில் எனக்கு வந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் ஸ்விஃப்ட்டை ஓட்டியபோது இருந்த சந்தோஷம் திரும்ப வேண்டும். தினமும் போய்வர 36 கிலோமீட்டர். அவ்வப்போது கொடைக்கானல் அல்லது ராமேஸ்வரம். ஆறு வயதில் ஒரு மகன். கையில் ஏழு லட்சம் இருக்கிறது. "போலோ ஜி.டி. எடு அக்கா" என்கிறான் தம்பி. "அடுத்தவர் ஓட்டிக் கழித்த வண்டி நமக்கு எதற்கு" என்கிறார் மாமனார். என்ன செய்யலாம்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: ஓட்டுகிற உணர்வே வந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடம் ஒரு காரில் உட்கார்ந்த பிறகும் அப்படித் தோன்றினால் அந்தக் காரை விட்டுவிடுவதுதான் சரி. மீதி விலை மலிவாகத் தெரிகிறதே என்று தயங்க வேண்டாம். அதே மாடல், அதே வருடம், அதே கிலோமீட்டர் ஓடிய வண்டி வெளியே என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் வாங்கி விற்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கணக்கில் அது லாபமாகத் தெரியும். ஆனால் ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாற வேண்டும், அப்புறம் நீங்கள் ஆள் தேடி விற்க வேண்டும். அதுவரை உங்கள் ஏழு லட்சத்தில் பெரும்பகுதி அதிலேயே முடங்கிக் கிடக்கும். நானாக இருந்தால் செய்ய மாட்டேன்.

அதற்குப் பதில் இன்றைக்கே ஒன்று கேளுங்கள்: லீஸை இரண்டு மூன்று மாதம் நீட்டித் தருவார்களா என்று. பழைய கார் தேடுகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் தேதி நெருக்கும்போதுதான். 30-ம் தேதி வண்டி போகிறது, 1-ம் தேதி ஆபீஸ் போகக் கார் வேண்டும் என்று நிற்பவரிடம் புரோக்கர் எதையும் விற்றுவிடுவார். நீட்டிப்பு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. கொஞ்ச நாள் கம்பெனி பஸ்ஸிலோ ஸ்கூட்டரிலோ போய்வருவது, தப்பான வண்டியோடு ஐந்து வருடம் இருப்பதை விட நல்லது. திருப்பிக் கொடுக்கும் நாளில் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, இரண்டு சாவியையும் ஒப்படைத்து, கையெழுத்தோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கீறல், டயர் தேய்மானம் என்று பின்னால் பில் வந்தால் கையில் ஆதாரம் இருக்கும்.

சரி, எந்தக் கார்? முதலில் உங்கள் தினசரிப் பாதையை நினைத்துப் பாருங்கள். அண்ணாநகரில் கிளம்பி, வைகையைத் தாண்டி, காளவாசலில் நின்று நின்று போய், தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டை தாண்டிய பிறகுதான் கொஞ்சம் மூச்சு விடலாம். இந்தப் பாதையில் நான்காவது கியருக்கு மேல் போகும் இடமே குறைவு. 150 குதிரைத் திறன் இருந்தாலும் அதில் பாதியைக்கூட இங்கே பார்க்க முடியாது. நீங்கள் தினமும் தொட்டு உணரப்போவது கிளட்ச், கியர் விழும் விதம், ஸ்டியரிங்கின் எடை, சிக்னலில் இரண்டாவது கியரில் கிடைக்கும் பிக்கப். அப்பாவின் ஸ்விஃப்ட் உங்கள் மனதில் நிற்பதற்கும் காரணம் இவைதான். அது எடை குறைந்த, தாழ்ந்த, சின்ன வண்டி. சொன்ன பேச்சைக் கேட்டது. இப்போதைய எஸ்.யு.வி. அதை விட உயரம், அதை விட எடை. அதற்கு மேல் கியரை யோசிக்கும் வேலையையும் அதுவே எடுத்துக்கொண்டது. ஆகவே உங்களுக்கு வேண்டியது எடை குறைந்த, மேனுவல் கியர் உள்ள, பெட்ரோல் ஹேட்ச்பேக்.

தம்பி சொன்ன போலோ நல்ல யோசனை. ஆனால் அவர் சொன்ன ஜி.டி. வேண்டாம். இந்தியாவில் ஃபோக்ஸ்வேகன் போலோ 2010 முதல் 2022 வரை விற்பனையில் இருந்தது. அதில் பெட்ரோல் ஜி.டி. டி.எஸ்.ஐ. (டி.எஸ்.ஐ. என்பது அந்தக் கம்பெனியின் டர்போ பெட்ரோல் எஞ்சின்) எப்போதுமே ஆட்டோமேட்டிக்தான். 2020 வரை வந்தது 1.2 லிட்டர் எஞ்சினும், டி.எஸ்.ஜி. எனப்படும் இரட்டைக் கிளட்ச் ஏழு கியர் ஆட்டோமேட்டிக்கும். நெடுஞ்சாலையில் அந்தக் கியர்பாக்ஸ் அருமையாக ஓடும். ஆனால் அது உலர் கிளட்ச் வகை, கிளட்ச் எண்ணெயில் நனைந்திருக்காது. காளவாசல் மாதிரி இடத்தில் அங்குலம் அங்குலமாக நகரும்போது சூடேறும். கியரை மாற்றும் அதன் கட்டுப்பாட்டுப் பகுதியான மெகட்ரானிக் யூனிட் போனால் செலவு லட்சத்தைத் தாண்டலாம். இத்தனை வருடம் ஓடிய வண்டியில் அந்த ஆபத்தைத் தினசரி ஆபீஸ் போகிற ஒருவர் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. நீங்கள் தேட வேண்டியது 2020-க்கும் 2022-க்கும் இடையில் வந்த 1.0 டி.எஸ்.ஐ. ஆறு கியர் மேனுவல். 110 குதிரைத் திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவைத் திறன்). பின்னால் ஜி.டி. எழுத்து இருக்காது, அதனால் விளம்பரங்களில் பலர் கண்ணில் படாமலே போய்விடும். பெயரில் 1.0 என்று இருப்பதெல்லாம் இது ஆகிவிடாது. டர்போ இல்லாத 1.0 எம்.பி.ஐ. என்று ஒன்று உண்டு, அதை வாங்கினால் நீங்கள் கேட்ட சந்தோஷம் கிடைக்காது. விற்கிறவரிடம் டர்போதானா என்று கேட்டு, ஆர்.சி.யிலும் மாடலைச் சரிபாருங்கள்.

மாடல் நின்றுபோன வண்டிக்குப் பார்ட்ஸ் கிடைக்குமா என்று பயப்பட வேண்டாம். அதே 1.0 டி.எஸ்.ஐ. குடும்பத்து எஞ்சின்தான் பின்னால் வந்த டைகுன், விர்டஸ், ஸ்கோடா குஷாக், ஸ்லாவியாவில் எல்லாம் இருக்கிறது. சர்வீஸ் செலவு மாருதியை விடக் கூடுதல், அது உண்மை. பின் சீட்டும் குறுகல். மகனுக்குப் போதும், மாமனார் ராமேஸ்வரம் வரை பின்னால் உட்கார்ந்து வந்தால் முழங்கால் இடிக்கும். அவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள்.

ஸ்விஃப்ட்டையே மறுபடி வாங்கலாமா? 2018-ல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட் 900 கிலோ அளவுதான். நான்கு சிலிண்டர் 1.2 பெட்ரோல், 2021-க்குப் பிறகு வந்தது 90 குதிரைத் திறன். கியர் வெண்ணெய் போல விழும், திருமங்கலமோ மேலூரோ எங்கே நின்றாலும் சரிசெய்ய ஆள் உண்டு. ஓட்டும் சந்தோஷத்தை மட்டும் பார்த்தால் உங்களுக்கு இது போதும் என்பேன். எனக்குத் தயக்கம் பாதுகாப்பில். குளோபல் என்.கேப். மோதல் சோதனையில் 2018-ல் இதற்கு இரண்டு நட்சத்திரம், கடுமையான புதிய முறையில் 2022-ல் ஒன்று. போலோவுக்கு 2014-ல் நான்கு. பழைய சோதனையும் புதிய சோதனையும் ஒன்றல்ல, நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் ஆறு வயதுப் பிள்ளையோடு ராமேஸ்வரம் ரோட்டில் போகிறவருக்கு எதைச் சொல்வது என்று வந்தால் என் மனம் போலோ பக்கம்தான் போகிறது. எந்தக் காராக இருந்தாலும் மகனுக்குத் தகுந்த பூஸ்டர் சீட் வாங்குங்கள்.

ஹூண்டாய் ஐ20 என் லைன் நல்ல வண்டி, டர்போ எஞ்சினில் 120 குதிரைத் திறன். ஆனால் 2021-ல் வந்ததில் கிளட்ச் பெடல் இல்லாமல் கியரை மட்டும் கையால் மாற்றும் ஐ.எம்.டி. அல்லது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கான டி.சி.டி.தான் உண்டு. 2023-ல்தான் முழு மேனுவல் வந்தது, அது உங்கள் பணத்துக்கு மேலே போகும். ஃபோர்டு ஃபிகோவின் ஸ்டியரிங்கை ஓட்டிப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு விலையும் இறங்கிவிட்டது. வீட்டில் இன்னொரு கார் இருந்தால் தயங்காமல் எடுக்கச் சொல்வேன். இருக்கிற ஒரே காராக, பம்பருக்கோ ஹெட்லைட்டுக்கோ வாரக்கணக்கில் காத்திருக்கும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

டியாகோ ஜே.டி.பி. பற்றிச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த வண்டி அது. 114 குதிரைத் திறன் டர்போ எஞ்சின், தாழ்த்திய சஸ்பென்ஷன், எல்லாமே நம் ஊர்க் கைப்பக்குவம். பி.எஸ். 6 என்ற புகை விதி வந்த 2020-ல் நின்றுபோயிற்று. வந்ததே கொஞ்சம்தான். நல்ல நிலையில் ஒன்று கண்ணில் பட்டால் கட்டாயம் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஆனால் அந்த வண்டிக்கே உரிய பார்ட்ஸைத் தேடி அலைவது தினசரிக் காருக்கு ஒத்துவராது. டீசலையும் விட்டுவிடுங்கள். பி.எஸ். 6 டீசல்களில் உள்ள புகை வடிகட்டி நெரிசலில் மெதுவாக ஓடும் வண்டியில் அடைத்துக்கொள்ளும்.

ஆக, என் முடிவு போலோ 1.0 டி.எஸ்.ஐ. மேனுவல். வாங்குவதற்கு ஆறு லட்சத்துக்கு மேல் போகாதீர்கள். மிச்சத்தில் டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ், முழு சர்வீஸ் எல்லாம் முதல் மாதத்திலேயே செய்துவிட்டால், அடுத்தவர் ஓட்டிக் கழித்த வண்டி என்ற மாமனாரின் கவலையில் பாதி போய்விடும். நான்கு வருடம் ஆட்டோமேட்டிக்கில் பழகிய இடது கால் கிளட்ச்சுக்கு ஒத்துழைக்குமா என்பதை மட்டும் வாங்குவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். சாயங்காலம் ஆறு மணி நெரிசலில் ஓட்டி, முழங்கால் வலித்தால் அதே 1.0 டி.எஸ்.ஐ.யின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கைப் பாருங்கள். அது திரவம் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை, டி.எஸ்.ஜி. அல்ல.

பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரத்தில் போங்கள். வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லி, நீங்கள் போகும்போது பானட் சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வருகிறதா, டர்போ சத்தம் போடுகிறதா என்று கவனியுங்கள். ரிங் ரோட்டில் ஒரு சுற்று சுற்றிக் காட்டினால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். மாசி வீதிப் பக்கம் குறுகலில் திருப்புங்கள், ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்குங்கள், முன்னால் டக் டக் என்று கேட்டால் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போயிருக்கும். அப்புறம் நத்தம் மேம்பாலத்தில் ஏற்றி ஐந்தாவது, ஆறாவது கியரில் சீராகப் போகிறதா, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரத்தில் செய்த டயர். வண்டியின் வயதையும் அதையும் ஒப்பிட்டால் கிலோமீட்டர் கணக்கு பொய்யா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

மதுரையில் இருக்கிற நாம் ஒன்றில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் வடக்கே சென்னையிலும், இரண்டு வாரத்துக்குள் தெற்கே தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் வெள்ளம் வந்தது. இரண்டு பக்கத்து வண்டிகளும் நம் ஊர்ச் சந்தைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். நனைந்த வண்டியில் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியும், அதை யாரும் துடைப்பதில்லை. முன் சீட்டுத் தண்டவாளத்தின் அடியில் துரு, டிக்கியில் ஸ்டெப்னிக் குழியில் மண், ஏ.சி. போட்டதும் ஈர வாடை, இதில் ஒன்று இருந்தாலும் பேச்சை முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் செய்யாததற்குத் தரும் பிரீமியத் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று இருக்கும். கிளெய்ம் இல்லாமல் ஓடினால் அது 20, 25, 35, 45, 50 என்று வருடா வருடம் ஏறும். ஒரே ஓனர், கீறல்கூட இல்லை என்று சொல்லும் நான்கு வருட வண்டியில் அது பூஜ்யமாக இருந்தால், எதற்குக் கிளெய்ம் செய்தார்கள் என்று கேளுங்கள். கதவு ரப்பரை விலக்கி வெல்டிங் புள்ளிகளைப் பார்த்தால் டிங்கரிங் வேலை தெரியும். இவ்வளவும் நீங்களே பார்த்த பிறகு, விற்பவருக்குத் தெரிந்தவர் அல்லாத ஒரு மெக்கானிக்கிடம் கூலி கொடுத்து வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனர் போட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள். அப்படியே பெட்ரோல் விஷயத்தையும் கேளுங்கள். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. இந்தப் போலோக்கள் அதற்கு முன்னால் வந்தவை. மைலேஜ் கொஞ்சம் குறையும், எரிபொருள் குழாய்களை சர்வீஸ்தோறும் பார்க்க வேண்டியிருக்கும்.

பதிவு எண்ணில் மதுரையின் டி.என். 58, 59, 64 எண்களோ தமிழ்நாட்டின் வேறு எண்ணோ இருந்தால் நல்லது. வெளி மாநில வண்டி மலிவாகத் தெரியும், ஆனால் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, எண் மாற்றி முடிப்பதற்குள் அந்த மலிவு கரைந்துவிடும். கடன் இருந்த வண்டி என்றால் பேங்கின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே முழுப் பணம் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிக்கொண்டு "மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் புரோக்கரை நம்ப வேண்டாம். உடனே ஆர்.டி.ஓ.வில் போடுங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அது பழைய ஓனருடையது. ஆகவே மாற்றும்போது கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கேட்பார்கள், அதையும் ஆறு லட்சத்துக்கு மேல் வைத்திருக்கும் பணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.