எம்.ஜி.பி. காரில் ஹெடரும் பக்கவாட்டுக் குழாயும்

கேள்வி: தாத்தா ஓட்டிய 1967ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைச் சீர்செய்து வருகிறேன். வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் (சிலிண்டர்களின் புகையைத் திரட்டிக் குழாயில் விடும் பாகம்) விரிசல் விழுந்திருக்கிறது. அதற்குப் பதிலாக ஹெடரும் (தனித்தனிக் குழாய்க் கிளைகளால் ஆன மேனிபோல்ட்), கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் புகைக் குழாயும் போட ஆசை. நான்கு கிளை ஹெடர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அந்த ஹெடரை வாங்க வேண்டாம். உங்கள் 1,798 சி.சி. என்ஜினில் சிலிண்டர் நான்கு என்றாலும் புகை வெளியேறும் வாய் மூன்றுதான். நடுவில் உள்ள 2, 3 ஆகிய சிலிண்டர்கள் ஒரே வாயைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நான்கு கிளை உள்ளது வேறொரு வண்டிக்குச் செய்யப்பட்டது. உங்களுக்கு வேண்டியது, நடுக்கிளை நீண்டிருக்கும் மூன்று கிளை ஹெடர். இந்த என்ஜின் 1-3-4-2 என்ற வரிசையில் எரிவதால், 1, 4 சிலிண்டர்களின் புகை ஒன்றுக்கொன்று கிராங்கின் ஒரு முழுச் சுற்று இடைவெளியில் வருகிறது. 2, 3 சிலிண்டர்களுக்கும் அப்படியே. ஆகவே ஓரக்கிளைகள் இரண்டும் முதலில் சேர்ந்து, நடுக்கிளை தனியாகவே கீழே இறங்கி அதன்பின் அவற்றோடு கலந்தால், ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் வாய்க்குள் எதிர்த்துத் தள்ளாது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் காரோடு வந்த வார்ப்பிரும்பு மேனிபோல்டே நல்ல வடிவமைப்பு உள்ளது. என்ஜினில் வேறெதையும் மாற்றாமல் ஹெடரை மட்டும் போட்டால் சக்தி பெரிதாக அதிகரிக்காது. ஒலி மாறும், எடை சற்றுக் குறையும். விரிசல் சிறியதென்றால், மேனிபோல்டை முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் ராடு கொண்டு பற்றவைத்து, மெல்ல ஆறவிட்டு, முகப்பை இழைத்துத் தரும் பட்டறையைத் தேடுவதே என் முதல் யோசனை.

ஹெடர்தான் என்று முடிவு செய்தால், கவனம் முழுவதும் பிளேஞ்சின் (என்ஜினோடு பொருந்தும் தட்டையான விளிம்பின்) கனத்தில் இருக்கட்டும். இந்த என்ஜினில் கார்புரேட்டர் மேனிபோல்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன; பக்கத்துப் பக்கத்து பிளேஞ்சுகள் இரண்டையும் ஒரே ஸ்டட்டில் (என்ஜினில் பதிந்த திருகுக் கம்பியில்) உள்ள ஒரே கனத்த வாஷர்தான் அழுத்திப் பிடிக்கிறது. ஹெடரின் பிளேஞ்ச் அரை மில்லிமீட்டர் மெலிந்திருந்தாலும் வாஷர் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு பக்கத்தை மட்டுமே அழுத்தும். நான் பார்த்த ஒரு காரில், நட்டை எவ்வளவு முறுக்கியும் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 'டிக் டிக்' என்ற சத்தம் நிற்கவில்லை. கழற்றிப் பார்த்தபோது கேஸ்கெட்டின் (இடையில் வைக்கும் கசிவுத் தடுப்புத் தகட்டின்) கீழ் ஓரம் கரிபிடித்துக் கறுத்திருந்தது, வாஷரிலோ ஒரு பாதியில் மட்டுமே தழும்பு இருந்தது. கேஸ்கெட்டைப் போடும் முன்பே இரண்டு பிளேஞ்சுகளின் மேலும் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகளால்) அளந்துவிடுங்கள். வேறுபாடு இருந்தால் லேத் பட்டறையில் படி வைத்த வாஷர் கடைந்துகொள்ளலாம். வண்ணாரப்பேட்டைப் பக்கம் தேடினாலும் இது முடியாத வேலை அல்ல. பித்தளை நட்டுகளையே போடுங்கள், அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட் முறியாமல் இருக்கும். என்ஜின் சில முறை சூடாகி ஆறிய பிறகு, ஆறிய நிலையிலேயே மறுபடி முறுக்குங்கள். கார்புரேட்டருக்கும் ஹெடருக்கும் இடையிலுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது இல்லாவிட்டால் கார்புரேட்டரிலேயே பெட்ரோல் கொதித்து, வண்டி நடுவழியில் நின்றுவிடும். கடைசியாக ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பாருங்கள், வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்; இந்தக் காரிலுள்ள எஸ்.யு. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியை மாற்ற வேண்டியிருக்கும்.

பக்கவாட்டுக் குழாய் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 1965இல் அமெரிக்கக் கார்வெட் காரில் அது கம்பெனியிலேயே கிடைத்தது. ஆனால் அது தனி இரும்புச் சட்டகத்தின் (சேஸின்) மேல் நிற்கும் வி-8 வண்டி (இரு வரிசையாக எட்டு சிலிண்டர்), புகை இருபுறமும் பிரிந்து வருவது. உங்கள் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. கதவுக்குக் கீழுள்ள பெட்டி போன்ற பகுதியே உடலின் பாரத்தைத் தாங்குகிறது. அதில் துளையிட்டுக் குழாயைத் தொங்கவிடுவது முதுகெலும்பில் ஆணி அடிப்பதற்குச் சமம். மேலும், இதில் எக்ஸாஸ்ட் இறங்குவது இடப்பக்கம்; நம் சாலையில் ஆட்கள் நடக்கும் பக்கமும் அதுவே. நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் மெல்ல ஊர்ந்து போகும்போது, ஒரு குழந்தையின் வெறுங்கால் அந்தச் சுடுகுழாயில் பட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். புகை பின்புறமோ வலப்புறமோதான் வெளியேற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. உங்கள் கார் அந்த விதிக்கு முந்தையது என்றாலும், அதன் நியாயம் பழைய வண்டிக்கும் பொருந்தும். 2021இல் வந்த விண்டேஜ் பதிவுக்கு (பழமையான வண்டிகளுக்கான தனிப் பதிவு) விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், உடலை வெட்டி மாற்றுவது அதற்கும் தடையாகும்.

கேள்வி: ஹெடர் குழாயில் வெப்பத் துணி சுற்றலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: சாதாரண இரும்புக் குழாயில் சுற்ற வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே துருப்பிடிப்பது வெளியே தெரியாது. செராமிக் பூச்சு பூசிக்கொள்ளுங்கள். கழற்றிய குழாயின் உள்ளும் புறமும் பூசுவது நல்லது.