ஒரு பரிமாணத்தை எடைபோடுவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈர்ப்பலைகள் (விண்வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகள்) பற்றிய உங்கள் கட்டுரையில் ‘கூடுதல் பரிமாணங்களுக்கு இதுவரை சான்று கிடைக்கவில்லை’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படித் தேடுகிறார்கள்? கிடைக்காதபோது இல்லை என்று சொல்ல ஏன் தயங்குகிறார்கள்? ஆவிகள் நான்காம் பரிமாணத்தில் உலவுவதாகக் காணொளிகளில் பேசுகிறவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு?

கலையரசி

அன்புள்ள கலையரசி,

கடைசிக் கேள்வி குத்துகிறது. குத்த வேண்டிய இடத்தில்தான் குத்துகிறது என்பதால் அதற்குப் பிறகு வருகிறேன்.

இயற்பியலில் பரிமாணம் என்பது வேறோர் உலகமல்ல. நகரக்கூடிய ஒரு திசை, அவ்வளவுதான். முன்பின், இடவலம், மேல்கீழ் ஆகிய மூன்றுக்கும் செங்குத்தாக இன்னொரு திசை உண்டா என்பதே கேள்வி. 1921இல் தியோடர் கலூசா என்ற கணித அறிஞர் அப்படி ஒரு திசையைச் சேர்த்து, ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒன்றாக்க முயன்றார். அந்தத் திசை ஏன் தெரியவில்லை? மிக நுண்ணியதாகச் சுருண்டு கிடக்கிறது என்றார் இயற்பியலாளர் ஆஸ்கர் கிளைன், 1926இல். யாரும் போய்ப் பார்க்க முடியாத அளவுக்கு நுண்ணியது. வசதியான விடை!

1998இல் நிமா அர்கானி-ஹமேத், சவாஸ் டிமோபௌலோஸ், கியா துவாலி ஆகிய மூன்று இயற்பியலாளர்கள் துணிச்சலாக ஒன்றைச் சொன்னார்கள்: கூடுதல் பரிமாணங்கள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரைகூட இருக்கலாம். ஒளியும் அணுக்களும் நம் மூன்று திசைகளுக்குள் அடைபட்டிருக்க, ஈர்ப்பு மட்டும் அங்கே கசிகிறது. ஒரு சின்னக் காந்தம் முழுப் பூமியையும் எதிர்த்து ஒரு குண்டூசியைத் தூக்கிவிடுகிறதே, ஈர்ப்பு அவ்வளவு பலவீனமாக இருப்பதற்கு இது காரணமாகலாம். இதில் எனக்குப் பிடித்தது, இது பொய்யென்று காட்டப்படக்கூடியது.

எப்படி? நியூட்டனின் விதிப்படி, தூரம் பாதியானால் ஈர்ப்பு நான்கு மடங்காகும். விசை பரவ மூன்று திசைகள் இருப்பதன் விளைவு அது. இன்னும் இரண்டு திசைகள் இருந்தால், அவை சுருண்டிருக்கும் அளவைவிட நெருங்கியபின், தூரம் பாதியானால் பதினாறு மடங்காக வேண்டும். ஆகவே அந்தத் திசையைப் பார்க்கத் தேவையில்லை. இரண்டு பொருள்களை மிக நெருக்கி, இழுக்கும் விசையை அளந்தால் போதும்.

அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு இதைத்தான் செய்கிறது. மெல்லிய டங்ஸ்டன் இழையில் ஒரு தட்டு தொங்குகிறது. கீழே இன்னொரு தட்டு மெதுவாகச் சுழல்கிறது. கீழ்த்தட்டில் நிறை இருக்கும் இடமும் இல்லாத இடமும் மாறிமாறி வர, மேல்தட்டு மயிரிழையினும் குறைவாகத் திரும்புகிறது. அதிலுள்ள கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கற்றை அந்த அசைவைக் காட்டிக்கொடுக்கிறது. மின்விசை குழப்பிவிடாதபடி இரண்டுக்கும் நடுவே ஓர் உலோகத் தாள். 1798இல் காவெண்டிஷ் பயன்படுத்திய முறுக்குத் தராசின் பேரப்பிள்ளை இது.

52 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர்) இடைவெளி வரை, அதாவது ஒரு தலைமுடியின் தடிமனுக்கும் குறைவான தூரம் வரை, நியூட்டனின் விதி பிசகவில்லை. அப்படியொரு பரிமாணம் இருந்தால் அதன் விளைவு அதன் அளவைவிடச் சற்றுப் பெரிய தூரத்திலேயே தென்படத் தொடங்கும்; ஆகவே அது சுமார் 30 மைக்ரோமீட்டரைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். தயக்கம் என்று நீங்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான்: எந்த அளவு வரை இல்லை என்று சோதனை சொல்கிறதோ, அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்ல முடியாது.

ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில், துகள் மோதல்களின்போது ஆற்றல் கூடுதல் பரிமாணத்துக்குள் நழுவிக் காணாமல் போகிறதா என்றும் தேடினார்கள். அங்கும் ஒன்றும் அகப்படவில்லை. 2017 ஆகஸ்டில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (இறந்த விண்மீன்களின் மிக அடர்ந்த மிச்சங்கள்) மோதி வந்த ஈர்ப்பலை, சுமார் 13 கோடி ஒளியாண்டு தூரத்துக்கு எவ்வளவு மங்க வேண்டுமோ அவ்வளவே மங்கியிருந்தது. வழியில் கசிந்த அடையாளம் இல்லை.

இனி ஆவிகள். துகள்களெல்லாம் நுண்ணிய இழைகளின் அதிர்வுகள் என்று சொல்லும் இழைக் கோட்பாட்டின் கூடுதல் பரிமாணங்கள் எந்தச் சோதனைக்கும் எட்டாத அளவு சிறியவை என்று ஒருவர் சொல்லும்போது, உங்கள் சந்தேகத்தோடு நானும் நிற்கிறேன். அதை அழகான கணிதமாகவே வாசிக்கிறேன். சியாட்டில்காரர்கள் மேல் அந்தப் பழியைப் போட முடியாது. தாங்கள் தோற்கக்கூடிய இடத்தை முன்கூட்டியே குறித்துக்கொண்டு இறங்கியவர்கள் அவர்கள். கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்காது என்றே நினைக்கிறேன். இந்த நினைப்பு பொய்த்தால் என்னைவிட மகிழ்பவர் இருக்க மாட்டார்.

2007இல் அவர்கள் 55 மைக்ரோமீட்டர் வரை வந்திருந்தார்கள். 52க்கு வந்தது 2020இல். துல்லியமும் கூடியது உண்மைதான். ஆனாலும் மூன்று மைக்ரோமீட்டருக்குப் பதின்மூன்று ஆண்டுகள்!