பாரிஸ் – சென்னை: எந்தத் தூரம் செல்லும்?

கேள்வி: பாரிஸிலிருந்து ஃபிராங்ஃபர்ட் வழியாகச் சென்னைக்கு ஒரே டிக்கெட்டில் வந்தேன். முதல் விமானம் தாமதமானதால் அடுத்த விமானத்தைத் தவறவிட்டு, மறுநாள்தான் சென்னை சேர்ந்தேன். தாமதமானது 450 கிலோமீட்டர் பயணம்தான், அதனால் இழப்பீடு 250 யூரோ என்கிறது விமான நிறுவனம். சரிதானா?

பதில்: சரியல்ல. கேட்க வேண்டியது 600 யூரோ.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, 3,500 வரை 400, அதற்கும் மேல், ஒன்றியத்துக்கு வெளியே போகும் பயணமென்றால், 600. புறப்பட்ட இடத்துக்கும் கடைசியாக இறங்கும் இடத்துக்கும் இடையிலான நேர்தூரமே கணக்கு. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போன பயணிகளின் வழக்கில் 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. இரண்டு கட்டங்களையும் கூட்டினால் 1,656 கிலோமீட்டர், நேர்தூரம் 1,326தான். நீதிமன்றம் எடுத்துக்கொண்டது 1,326ஐ. அந்தப் பயணிகளுக்கு இழப்பீடு குறைந்துபோனது. உங்களுக்கு அதே அளவுகோல் கைகொடுக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய பல்லவியையே பாடிப் பயணியைச் சலிக்க வைப்பது அநியாயம்.

நேர்தூரத்தைச் சுவர் வரைபடத்தில் அளக்காதீர்கள். தட்டையான தாள் தூரத்தைத் திரித்துக் காட்டும். உலக உருண்டை மேல் நூலை இழுத்துப் பிடித்தால் கிடைப்பதே சரியான பாதை. இணையக் கணிப்பான்களில் ஊர்ப் பெயரை அல்ல, விமான நிலையத்தைக் கொடுங்கள். பாரிஸில் ஓர்லி என்ற நிலையமும் உண்டு. பாரிஸின் சார்ல் து கோல் நிலையம், சென்னை நிலையம் இரண்டின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டால், பூமியின் மையத்தில் இரண்டுக்கும் இடையிலான கோணம் சுமார் 72.1 டிகிரி, டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் ஏறத்தாழ 8,020 கிலோமீட்டர். இதையே கடல் மைலில் சொன்னால் 4,330, சாதாரண மைலில் 4,980. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். விமானம் சுற்றிப் பறந்த தூரமும் இங்கே செல்லாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இது ஒரே முன்பதிவுக்குத்தான். மலிவு என்று சொல்லி, பாரிஸ்–ஃபிராங்ஃபர்ட் ஒரு டிக்கெட், ஃபிராங்ஃபர்ட்–சென்னை இன்னொரு டிக்கெட் என்று ஒட்டுப்போட்டு விற்கும் முகவர்கள் இருக்கிறார்கள். ஒரே தாளில் அச்சடித்துக் கொடுப்பதால் ஒரே டிக்கெட் ஆகிவிடாது. பி.என்.ஆர். எனப்படும் முன்பதிவு எண்ணைப் பாருங்கள், இரண்டு கட்டங்களுக்கும் ஒரே எண் இருக்கிறதா? ஏஜெண்டைக் கேட்காதீர்கள், விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். தனித்தனி முன்பதிவென்றால் ஃபிராங்ஃபர்ட்டிலேயே உங்கள் பயணம் முடிந்ததாகக் கொள்வார்கள். 450 கிலோமீட்டர் வாதம் அப்போது நிற்கும்.

'நாங்கள் வாங்கித் தருகிறோம்' என்று வரும் நிறுவனங்களிடமும் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். கால் பங்குக்குமேல் அவர்கள் எடுத்துக்கொள்வது சர்வசாதாரணம். விண்ணப்பம் நீங்களே எழுதக்கூடியது: பி.என்.ஆர். எண், சென்னையில் இறங்கிய நேரம், போர்டிங் பாஸ் நகல், கூடவே ஒரு வரி: 'பாரிஸ் முதல் சென்னை வரையிலான நேர்தூரம் 3,500 கிலோமீட்டருக்கு மேல்; 600 யூரோ கோருகிறேன்.'